யாரும் படிக்காத பூஜ்யங்கள்

கடவுச்சொல் ஒன்று கணினியின் நினைவகத்துக்குள் வந்து வேலையை முடித்த பிறகு, அது இருந்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பி அழித்துவிட வேண்டும். பாதுகாப்பு நிரல் எழுதுகிறவர்களுக்கு இது ஆரம்பப் பாடம். சி மொழியில் மெம்செட் என்ற ஒரே வரியில் செய்துவிடலாம். ஆனால் அந்த வரியை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் அந்த வரிக்கு வந்ததும் கணக்குப் போடுகிறது. இங்கே பூஜ்யம் எழுதப்படுகிறது. இதற்குப் பிறகு நிரலின் எந்த வரியும் இந்த இடத்தைப் படிக்கவில்லை. படிக்க ஆளில்லாத எழுத்து எதற்கு? அந்த வரியையே எடுத்துவிடுகிறது. நிரல் கொஞ்சம் வேகமாகிறது. கடவுச்சொல் அழியாமல் அங்கேயே கிடக்கிறது.

இது கம்பைலரின் பிழை இல்லை. சி மொழியின் விதிகள் அதற்கு இடம் தருகின்றன. ஆகவே, 'யார் படித்தாலும் படிக்காவிட்டாலும் இதை அழித்தே தீர வேண்டும்' என்று வற்புறுத்துவதற்குத் தனிக் கட்டளைகள் வந்தன. விண்டோஸில் செக்யூர்ஜீரோமெமரி, மேக்கில் மெம்செட்_எஸ், லினக்ஸில் 2017 முதல் எக்ஸ்பிளிசிட்_பிஜீரோ. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர். எந்த ஊரில் எதைக் கூப்பிடுவது என்று பார்த்துப் பார்த்து எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. யாரும் காணாத செயலைச் செயலாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்ற வாதத்தை நான் முதலில் சந்தித்தது கம்பைலரிடம்தான். பிறகு அதையே மனிதர்களிடமும் கேட்டேன். சைவ சித்தாந்த வகுப்பிலும் கேட்டேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனபோது இங்கே வந்து தங்கிவிட்டேன். இணையப் போக்குவரத்தை மறைத்துக் கொண்டுபோகும் ஓபன்விபிஎன் மென்பொருளோடு சேர்ந்து ஓடும் சிறிய பிளகின் ஒன்றை, வெளிநாட்டில் இருக்கும் இன்னொருவரும் நானுமாகப் பராமரித்து வருகிறோம். வெளியூரிலிருந்து அலுவலக சர்வருக்குள் நுழைய வருகிறவரை யாரென்று விசாரித்து, ஒருமுறை எண்ணைக் கேட்டு வாங்கி, சரியாக இருந்தால் உள்ளே விடுவது அதன் வேலை. அதை முதலில் எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் முழுக்கச் செய்ததைப் பட்டியல் போட்டால், புதிதாக ஒன்றுமே இருக்காது. போன வருஷம் ஓடியது இந்த வருஷமும் ஓடுகிறது.

நான் போகும் சித்தாந்த வகுப்பை எடுக்கும் ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளைப் பாடமாக எடுத்தார். கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, புல் செதுக்குவது, பூத்தொடுப்பது என்று உடம்பால் செய்கிற பணி எல்லாம் சரியை. அது தாச மார்க்கம். அதற்கு அப்பரைச் சொல்வார்கள். கிரியைக்கு ஞானசம்பந்தர், யோகத்துக்குச் சுந்தரர், ஞானத்துக்கு மாணிக்கவாசகர். பலனும் அந்த வரிசையில்தான்: சாலோகம், சாமீபம், சாரூபம், முடிவில் சாயுச்சியம்.

"சரியை முதற்படிம்மா. படி இருக்கிறது ஏறிப் போறதுக்கு, அதுலயே உக்காந்துக்கறதுக்கு இல்ல" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. இந்த நாட்டில் எந்தச் சிவன் கோயிலுக்குள் போனாலும் நால்வர் சந்நிதியில் அப்பரை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறோம்? தோளில் சாய்த்திருக்கும் உழவாரத்தை வைத்துத்தான். கல்லிலும் செம்பிலும் அந்தக் கருவியை அவரிடமிருந்து யாரும் வாங்கி வைத்துவிடவில்லை. ஏறிக் கடந்துபோன படி என்றால், அதை ஏன் காலத்துக்கும் தோளில் சுமந்து நிற்க வேண்டும்?

உழவாரப் பணியை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துக்கொண்டு அடியார் கூட்டங்கள் இங்குள்ள சின்னக் கோயில்களுக்கு வருவார்கள். பிராகாரத்து நெருஞ்சியைச் செதுக்குவார்கள், விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவார்கள், விமானத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவார்கள். இதில் கடினமானது அந்தக் கன்றுதான். பறவை எச்சத்தில் வந்து விழுந்த விதை, கல்லிடுக்கில் வேர்விட்டுச் சுதையைப் பிளக்கிறது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் வேரோடு செங்கல்லும் வரும். எதை எடுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவர்தான் அங்கே ஏற வேண்டும். சுத்தம் செய்கிற ஆர்வத்தில் சில கோயில்களில் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைத் தேய்த்தார்கள். அழுக்கோடு சோழர் காலக் கல்வெட்டெழுத்துகளும் தேய்ந்து போயின. பிறகு அரசு அந்த முறையையே தடை செய்ய வேண்டியிருந்தது.

என் துறையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. இணையத்தின் பூட்டு என்று சொல்லத்தக்க ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், ஒரே மாதிரி தோன்றும் இரண்டு வரிகள் இருந்தன. மதிப்பே வைக்காத நினைவகத்தை அவை படிப்பதாகச் சோதனைக் கருவி எச்சரித்தது. 2006இல், டெபியன் லினக்ஸுக்காக அதைப் பராமரித்தவர், எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் இரண்டையும் எடுத்தார். ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் பெரிய நட்டமில்லை. மற்றொன்றுதான் சாவிகளுக்கு வேண்டிய எதிர்பாராத்தன்மை முழுவதையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்த வரி. அது போனதும், ஒரு வகை இயந்திரத்தில் ஓர் அளவுச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான் மிஞ்சின. திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடலாம். 2008 மே மாதம் வரை யாருக்கும் தெரியாது. அந்தப் பராமரிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அக்கறையோடு கேட்டு, கவனத்தோடு செய்தார். களையும் பயிரும் ஒரே பச்சையாக இருக்கிற வயலில் நின்றார். களை எடுப்பதற்கு உடம்பு போதும், அறிவு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இந்தச் சம்பவத்தைப் படிக்க வேண்டும். சரியைக்குள்ளேயே ஞானம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது சேதத்தில் முடியும்.

இன்னொரு சம்பவம் இதற்கு நேரெதிர். 2012 மார்ச்சில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்பில் ஒரு புதிய வசதியைச் சேர்த்தார்கள். இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று ஒரு முனை கேட்கும்: 'இத்தனை எழுத்துள்ள இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு.' மறுமுனை திருப்பி அனுப்பும். கேட்பவர் சின்னச் சொல்லைக் கொடுத்துவிட்டு அறுபத்து நாலாயிரம் எழுத்து என்று பொய் சொன்னால்? மறுமுனை அந்த எண்ணைச் சரிபார்க்காமல், சொல்லுக்குப் பக்கத்து நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளி அனுப்பியது. அதில் கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் இருந்தன. ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற இந்த ஓட்டையை, கூகுளில் இருந்த நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 2014 ஏப்ரல் 7 அன்று உலகுக்குத் தெரிந்தது. அளவைச் சரிபார்க்கும் சில வரிகளால் அடைபட்டது.

கம்பைலர் எடுத்துவிடுகிற அந்தப் பூஜ்யங்களை நான் விடாமல் போராடி எழுதுவது ஏனென்று இந்தச் சம்பவத்தைச் சொன்னால்தான் விளங்கும். 'இந்த இடத்தை இனி யாரும் படிக்கப் போவதில்லை' என்று கம்பைலர் சொன்னது நிரலுக்கு உள்ளே நின்று பார்த்துச் சொன்னது. உள்ளே யாரும் படிக்கவில்லைதான். படித்தவன் வெளியே இருந்தான். உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமே ஆகும், சார்ந்ததைத் தாண்டி அதற்குத் தானாகத் தெரியாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைப் பாடம். பார்ப்பவர் இல்லை என்ற முடிவும் அப்படித்தான். அது எப்போதும் ஓர் எல்லைக்குள் நின்றுகொண்டு எடுக்கிற முடிவு. எல்லைக்கு வெளியே திருடனும் இருக்கலாம், சிவனும் இருக்கலாம். உள்ளே இருக்கிறவருக்கு இருவரையும் தெரியாது. ஆகவே யாரும் காணவில்லை என்பதை வைத்து ஒரு செயலின் தரத்தை முடிவு செய்யக் கூடாது. பணி செய்கிறவரும் செய்யக் கூடாது, படி வகுக்கிறவரும் செய்யக் கூடாது.

நன்னிலத்திலிருந்து நாகூர் போகும் சாலையில் திருப்புகலூர். அகழிபோல் குளம் சூழ்ந்த கோயில். அப்பர் முத்தி பெற்ற தலம். சித்திரைச் சதயத்தில் விழா நடக்கும். அங்கே அவர் புல் செதுக்கும்போது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னியதாகச் சேக்கிழார் சொல்கிறார். அப்பர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். பற்றற்றவர் என்பதற்குச் சான்றாகவே இதை எல்லோரும் சொல்வார்கள். இத்தனை வருஷம் பிறர் நிரலைப் பராமரித்த பிறகு எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. வெறுங்காலோடு வலம் வருகிறவருக்குப் பருக்கைக் கல்லும் குத்தும், வைரமும் குத்தும். முற்றத்தில் அது இருக்கக் கூடாது. ஹார்ட்பிளீட் ஓட்டையைக் கொண்டுவந்த வசதி அப்படி வந்த பொன்தான். புதியது, மின்னியது, பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை. எங்கள் பிளகினுக்கும் புது வசதி வேண்டும் என்று நல்ல மனதோடு பலர் எழுதிக் கேட்கிறார்கள், சிலர் எழுதியே அனுப்புகிறார்கள். பெரும்பாலானவற்றை நன்றி சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். அப்போது வருகிற கோபத்தைத் தாங்கிக்கொள்ள எனக்குத் திருப்புகலூர் துணையாக இருக்கிறது.

அதே கதையில் ஐயாவுக்கு நான் சொன்ன பதிலும் இருக்கிறது. இது அப்பரின் இளமையில் நடந்ததில்லை. எண்பத்தோரு வயது என்று மரபு சொல்கிற முதுமையில், முத்திக்குச் சற்று முன்பு நடந்தது. பதிகங்கள் பாடி, ஊர் ஊராக நடந்து, எல்லாம் கண்டு முடித்தவர் கையில் கடைசியிலும் உழவாரம் இருந்தது. ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாயுமானவர் இந்த நாலையும் ஒரே செடியோட வளர்ச்சியாத்தான் பார்த்தார்" என்று ஒப்புக்கொண்டார். தாயுமானவரின் குடும்பம் வேதாரண்யத்தைச் சேர்ந்தது, எங்கள் பக்கம்தான்.

பல தளங்களில் ஓடும் நிரலைப் பராமரிப்பதில் வேறொரு சங்கடம் உண்டு. நான் எழுதுவது நான் பார்த்தேயிராத இயந்திரங்களுக்கு. 64 பிட் லினக்ஸில் லாங் என்றால் எட்டு பைட். 64 பிட் விண்டோஸில் நான்குதான். சாக்கெட் என்பது லினக்ஸில் சாதாரண எண். விண்டோஸில் அது குறியில்லாத வேறொரு வகை, ஆகவே எதிர்மமாக இருக்கிறதா என்று சோதித்தால் தோல்வி தெரியவே தெரியாது. ஒற்றை எழுத்தைக் குறிக்கும் சார் வகை இன்டெல்லில் எதிர்ம எண்ணையும் ஏற்கும். ஏஆர்எம் லினக்ஸில் ஏற்காது. 2016இல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 தன் உள்ளமைப்புகளை மூடிவிட்டது. அதுவரை நேரே கைவிட்டு எடுத்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று கேட்டு வாங்கும்படி ஆனது. 2021இல் 3.0 வந்து பாதி வாசல்களுக்கு 'விரைவில் மூடப்படும்' என்று பலகை மாட்டியது. ஆனால் ரெட் ஹேட் 7 போட்ட பழைய சர்வர்கள் 2024 ஜூன் வரை 1.0.2இலேயே இருந்தன. அவற்றையும் விட்டுவிட முடியவில்லை. எங்கள் டெல்டாவில் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் முன் வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். அது சரியாக நடந்ததா என்று கல்லணையில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறினால்தான் நடந்ததாக அர்த்தம். எனக்கும் கடைமடை இருக்கிறது. எங்கோ ஒரு ஊரில், யாரோ மாற்ற மறந்த பழைய கணினி.

பார்க்க முடியாத இடத்தில் வேலை செய்வதற்குத் திருவாரூரில் ஒரு முன்னோர் இருக்கிறார். தண்டியடிகள், பிறவியிலேயே கண் தெரியாதவர். கோயிலின் மேற்கே குளம் தூர்ந்து போவதைக் கேள்விப்பட்டு, குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையில் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார். சமணர்கள் வந்து, தோண்டினால் சிற்றுயிர்கள் சாகும் என்று தடுத்ததாகவும் பூசல் மூண்டதாகவும் கதை போகிறது. அந்தப் பூசலின் முடிவு எனக்கு உவப்பானதில்லை. சமணர் கேட்ட கேள்வியிலும் கருணை இருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் வேண்டியது கயிறு. கண் தெரியாது என்பதற்காக அவர் குத்துமதிப்பாகத் தோண்டவில்லை. முதலில் கயிற்றைக் கட்டினார். அதுபோல, ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லாத் தளங்களிலும் தானாக ஓட்டிப் பார்க்கும் சோதனைகளை எழுதி முடிக்கும் வரை, நாங்கள் இருவரும் நிரலின் ஒரு வரியையும் தொடுவதில்லை.

இதற்கெல்லாம் யார் சோறு போடுவது? ஹார்ட்பிளீட் வெளிவந்த சமயத்தில் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது; முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். உலகின் வங்கிகள் அதன்மேல் நின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளை இதோடு வைத்துப் பார்க்கிறேன். ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், பசுவென்றால் 48. நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது இடையர் பொறுப்பு. கணக்கில் அந்த 96 ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. விளக்கேற்றுவது ஒரு நாள் வேலை, அணையாமல் காப்பது தலைமுறைகளின் வேலை என்று தெரிந்து, அதற்கு முதல் ஒதுக்கி, ஆடு மேய்த்த இடையர்களின் பெயரையும் கல்லில் வெட்டினார்கள். நம் காலத்தில் அப்படி ஏற்பாடு செய்ய ஹார்ட்பிளீட் வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் பவுண்டேஷன் மூலம் பணம் போட்டன. இந்தியாவில் 2024இல் ஜெரோதா நிறுவனம் திறந்த நிரல்களுக்கென்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. நல்ல தொடக்கம். இன்னும் பல விளக்குகளுக்கு ஆடு இல்லை.

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதையைக் காட்டி எனக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. அது எனக்குப் பொருந்தவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் என் பணியின் பலன். அந்தப் பலனை நான் உயிராக விரும்புகிறேன். விரும்பாமல் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து பிறர் எழுதிய நிரலை வரிவரியாகப் படிக்க முடியாது. புகழ் மேல் பற்று வேண்டாம், சரி. அடியார் காலில் முள் தைக்கக் கூடாது என்ற பற்றும் போய்விட்டால் உழவாரத்தை எதற்குத் தூக்குவது?

ஐயாவின் வலுவான கேள்வி பிறகுதான் வந்தது. "நீங்க காக்கிற பாதையில திருடனும் போவானேம்மா? அவன் பேச்சையும் சேர்த்துத்தானே மறைச்சுக் கொடுக்கறீங்க?" நியாயமான கேள்வி. அரசுக்கும் அந்தக் கவலை உண்டு. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் சேவை நடத்துவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. நான் சொன்னது இது. நல்லவருக்கு மட்டும் திறக்கும் ஓட்டை என்று ஒன்றைச் செய்ய முடியாது. 2015 டிசம்பரில் ஜூனிப்பர் நிறுவனம், தன் பாதுகாப்புக் கருவிகளின் நிரலில் யாரோ அனுமதியில்லாமல் கைவைத்து, விபிஎன் போக்குவரத்தைப் படிக்க வழி செய்திருப்பதாக அறிவித்தது. அந்த வழியாக யார் யார் படித்தார்களோ, அவர்களை வாசலில் நிறுத்தி நல்லவரா என்று கேட்டவர் யாருமில்லை. அப்பர் செதுக்கிய முற்றத்தில் நடந்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்திருக்க முடியாது. அவர் ஆள் பார்த்து முள்ளை விட்டுவைக்கவில்லை. ஐயா முழுக்க ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன். குற்றத்தைப் பிடிப்பதும் ஒரு தொண்டுதான் என்றார். அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு இப்போது பெரிய கவலை வேறு. 2024 மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலுக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருப்பது வெளிப்பட்டது. தனியொருவராகச் சுமந்து களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகத் தொண்டு செய்து, நம்பிக்கை பெற்று, சாவியை வாங்கியிருந்தார். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டியதால் உலகம் தப்பியது. அரை விநாடியைப் பொருட்படுத்துகிற கண் ஞானத்தில் சேர்த்தியா, சரியையில் சேர்த்தியா என்று ஐயாவிடம் கேட்டேன். சிரித்தார். அடுத்த வகுப்பில் சிவஞான சித்தியாரின் எட்டாம் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, சரியை பற்றி அருணந்தி சிவாசாரியார் சொல்வதை நிதானமாகப் பார்க்கலாம் என்றார். அதற்கு நான் எழுதி வைத்திருக்கும் கேள்வி இதுதான்: பணியில் நின்றவர் பக்குவப்பட்டு முத்தி அடைந்துவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம், மறுநாள் காலையில் முற்றத்தில் புல் முளைத்திருக்கும், உழவாரத்தை அவர் யார் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அந்தக் கையை எப்படித் தெரிந்துகொள்வது?